நாற்பத்திரண்டு டெசிபல்

கேமரன் மலையின் எம்புன் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், ரோலர் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வாலிபத்தையும் நடுவயதையும் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர் காளியண்ணன். அந்த இயந்திரங்கள் அவருடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தன. தானா ராத்தாவில் அவரைச் சோதித்த டாக்டர், இரண்டு காதுக்கும் கருவி வைத்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தோட்டக் கம்பெனியின் ஊழியர் நல்வாழ்வுப் பிரிவு அந்தச் சீட்டை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தது. காதுக்குக் கருவி கொடுத்தால், காது கெட்டதைக் கம்பெனி ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே பிரிவு ஒரு விழா எடுத்தது. ஓய்வு பெற்ற பேக்டரி ஆட்கள் எல்லாருக்கும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் குறைக்கும் வயரில்லாத ஹெட்போன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. திட்டத்தின் பெயர் 'அமைதிப் பரிசு'.

கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து வந்த நல்வாழ்வு அதிகாரி முகுந்தன், தோட்டத்து மண்டபத்தில் பேசினார்.

"இத்தனை வருஷமா நீங்க சத்தத்துல வேலை செஞ்சீங்க. அந்தச் சத்தத்தைக் கொடுத்தது யாரு? கம்பெனி. இன்னிக்கு அமைதியைக் கொடுக்கிறது யாரு? அதுவும் கம்பெனி. ரெண்டையும் ஒரே கையால கொடுக்கிற கம்பெனி வேற எங்கயாவது உண்டா?"

எல்லாரும் கைதட்டினார்கள். காளியண்ணனுக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தாமும் தட்டினார். சபையில் மனிதன் செய்ய வேண்டியதை அவர் எப்போதும் குறைவில்லாமல் செய்பவர். பேசியது என்ன என்பதைப் பிறகு கொழுந்தியாள் சரோஜா காதருகே கத்திச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

சரோஜா அவருடைய மனைவி தவமலரின் தங்கை. பக்கத்து வீடு. லெம்பா பெர்த்தாமில் காய்கறி கட்டும் வேலைக்குத் தினமும் லாரியில் போய் வருபவள். அந்தப் பெட்டியைத் திறந்து, இடது பக்கப் பொத்தானை அமுக்கினால் ஹெட்போன் வெளிப்பேச்சை உள்ளே வாங்கிப் பெரிதாக்கித் தரும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

"மாமா, இத மாட்டிக்கிட்டு அக்காகிட்ட போய் உக்காருங்க."

தவமலர் ஒரு காலத்தில் மலைச்சரிவின் உச்சியில் கொழுந்து எடுத்துக்கொண்டே கீழே எடை போடுகிற இடத்திலிருக்கும் ஆளோடு சண்டை போட்டவள். பக்கவாதம் வந்த பிறகு அவள் குரல் நூலாகிவிட்டது. வார்த்தைகளும் குறைந்துவிட்டன. காது போனவனும் குரல் போனவளுமாக அந்த வீட்டில் அவர்கள் உதட்டையும் கண்ணையும் வைத்துக் காலம் தள்ளினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் வாயையே பார்த்திருப்பார். பாதி புரியும்.

அன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். தவமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் இப்படி மேல வந்து உக்காந்திருக்கீங்க? தள்ளிப் போங்க, புழுங்குது."

ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போய், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அந்தக் குடும்பத்து ஆண்கள் பிறர் பார்க்கக் கண் துடைப்பதில்லை.

சில வாரங்கள் அப்படிப் போயின. பக்கத்து வீட்டிலிருந்து வரும் சாம்பாரில் புளி அதிகம் என்றாள். சரோஜா வாய் நீளம் என்றாள். தன் வைத்தியத்துக்காகத் தன் தோட்டை விற்கக் கூடாது என்றாள். எல்லாம் அவருக்கு விழுந்தது.

மழைக்காலம் தொடங்கி மூடுபனி தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் நுழைந்தபோது, ஹெட்போனுக்குள் ஓர் இரைச்சலும் நுழைந்தது. டிரையரில் ஆவி கசிவதுபோல விடாத 'ஸ்ஸ்ஸ்'. உரக்கப் பேசுபவர்களின் குரல் அதைத் தாண்டி வந்தது. தவமலருடையது வரவில்லை. உலகத்தில் எல்லாருடைய பேச்சும் கேட்க, அவளுடைய பேச்சு மட்டும் மூழ்கிப்போயிற்று.

காளியண்ணன் யாரிடமும் எதற்கும் போய் நின்றவர் அல்லர். சட்டையை மாற்றிக்கொண்டு, முதல் முறையாகத் தோட்ட ஆபீசில் புகார் சொல்லப் போனார்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாகமணி, காளியண்ணனுக்குத் தம்பி வயதுக்காரர். அவருக்குக் கத்திப் பேசிப் பழகியவர்.

"இரைச்சல்னா எப்படிண்ணே? மழை பேயுற மாதிரியா, பாம்பு சீறுற மாதிரியா?"

"எதுவா இருந்தா மாத்திக் குடுப்பீங்க கிராணி?"

"எதுக்கும் மாத்திக் குடுக்க மாட்டோம்ணே. கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ண அமுக்குனாத்தான் மேல போகுது லா."

"மழைன்னு போடு."

புகார் மேலே போனது. கீழே ஓர் ஆலோசனை வந்தது. ஹெட்போனை அணைத்துவிட்டு மறுபடி போடவும். போட்டார். இரைச்சலும் மறுபடி வந்தது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கி, நீல விளக்கு சிமிட்டும்வரை காத்திருக்கவும். காத்திருந்தார். விளக்கு சிமிட்டியது. இரைச்சல் சிமிட்டாமல் நின்றது.

அடுத்து, உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். லைன் வீடுகளில் போனுக்கு லைன் கிடையாது. கோயில் பாதை வளைவில், ஒரு பாறைமேல் ஏறி நின்று கையைத் தூக்கினால் கிடைக்கும். சரோஜா பாறைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தாள். அவர் கீழே ஹெட்போனை ஏந்திக்கொண்டு நின்றார். பிரிஞ்சாங் போகிற பஸ்ஸிலிருந்த சுற்றுலாக்காரர்கள் ஏதோ வழிபாடு நடக்கிறது என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். புதுப்பித்து முடிந்ததும் ஹெட்போனுக்குள் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தாள். அவள் குரல் வெகு தெளிவாக இருந்தது. தவமலர் குரல் வரவில்லை.

"அந்த வெள்ளக்காரி பேசுறது கேக்குது, நம்மக்கா பேசுறது கேக்கலியா? பிரிஞ்சாங்ல போன் ரிப்பேர் கடை இருக்கு மாமா. குடுத்துப் பாப்போம்," என்றாள் சரோஜா.

அதையும் நாகமணியிடம் கேட்டார்கள். வெளியாள் ஸ்குரூவைத் தொட்டால் பரிசு ரத்தாகிவிடும். பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்ன காதுக் கருவியையே கேட்கலாமா என்றால், பரிசு பழுது என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

அதன் பிறகு கண்ணாடி விஷயம் வந்தது. கண்ணாடியின் கம்பி இடையில் இருப்பதால் ஹெட்போன் காதில் இறுக்கமாகப் படியவில்லை என்றும், பயனாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும் என்றும் பிரிவு ஆலோசனை கூறியது. கழற்றினார். இரைச்சல் அப்படியே இருந்தது. தவமலரின் உதடு மட்டும் மங்கிப்போயிற்று. முன்பு பாதி புரிந்துகொண்டிருந்ததும் போயிற்று.

கடைசியாகப் பனியைப் பற்றி ஒரு விளக்கம் வந்தது. கருவி சாதாரணத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. கேமரன் மலையின் மூடுபனி பயனாளர் தரப்பில் உள்ள நிலைமை. நாகமணி அதைக் கத்திப் படித்துக் காட்டிவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"பனி உங்க பக்கத்துத் தப்புங்கிறாங்கண்ணே."

"எங்க பக்கமா? இந்த மலையில என்னைக் கொண்டாந்து வெச்சது யாரு, நானா?"

"அத எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியல லா."

இவ்வாறு எல்லா வழியும் முடிந்தபின், ஹெட்போனில் குறை ஏதும் இல்லை என்று நல்வாழ்வுப் பிரிவு தீர்மானித்தது. குறை ஹெட்போனில் இல்லையென்றால் காதில்தான் இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் நகல் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே, பாதுகாப்பு அதிகாரி தர்மேந்திரன் காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். முகுந்தனும் வந்தார். இருவரும் தோட்ட ஆபீசில், காளியண்ணனை நடுவில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டார்கள். கோபத்தில் இருவருமே உரக்கப் பேசியதால், இரைச்சலைத் தாண்டி எல்லாம் அவருக்கு நன்றாகவே விழுந்தது.

"இவரு காது அருமையான காது சார்," என்றார் தர்மேந்திரன். "வயசுக்கு இதைவிட நல்ல காது இருக்க முடியாது. உங்க ஹெட்போன்தான் கோளாறு."

"ஹெட்போன்ல கோளாறு வர வாய்ப்பே இல்ல. இந்தத் திட்டத்துக்கு நான் விருது வாங்கியிருக்கேன். காதுதான் கோளாறு."

"காது கோளாறுன்னா பேக்டரி கோளாறுன்னு அர்த்தம். பேக்டரியில சத்தமே இல்லன்னு இப்பத்தானே சர்டிபிகேட் வாங்கினோம்?"

"சத்தம் இல்லாமயா எல்லாருக்கும் சத்தம் குறைக்கிற ஹெட்போன் கொடுத்தேன்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கிறேன். சத்தமே இல்லாத இடத்துல வேலை செஞ்சவங்களுக்கு எதுக்கு ஹெட்போன் கொடுத்தீங்க?"

நாகமணி மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியண்ணன் கேட்டார்: "காதும் நல்ல காது, இதுவும் நல்லது. அப்ப எனக்கு 'ஸ்ஸ்'ஸுன்னு வர்றது எங்கேர்ந்து வருது?"

இரண்டு அதிகாரிகளும் அன்று முதல் தடவையாக ஒரே திசையில் பார்த்தார்கள். அந்தத் திசையில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள்," என்றார் முகுந்தன் இதமாக. "உண்மையாவே அந்தச் சத்தம் வருதா?"

"சில பேரு," என்றார் தர்மேந்திரன், "இழப்பீடு ஏதாச்சும் வருமான்னு... உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்."

காளியண்ணன் எழுந்து நின்றார்.

"எங்கப்பாரு இந்தத் தோட்டத்துல உழைச்சு இதே மண்ணுல போனாரு. என் சம்சாரம் ஒரு கிலோ கொழுந்து கூடக் காட்டி எடை போட்டதில்ல. எங்க வீட்டுல பொய் பேசிப் பழக்கமில்ல தம்பி. வந்து நேர்ல பாருங்க. எனக்கு இழப்பீடு வேணாம். அவ பேசுறது எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

நேரில் பார்ப்பது என்று முடிவானது. ஆனால் நேரில் பார்ப்பதற்கும் விதி இருந்தது. சோதனை நடக்கும் இடம் அமைதியாக இருக்க வேண்டும். லைன் வீடுகளில் அன்று குழாய் திறக்கக் கூடாது, நாய்களைக் கட்டித் தூரமாகக் கொண்டுபோக வேண்டும், கோயில் மணி அடிக்கக் கூடாது, தேயிலை லாரிகள் மேல்பாதையிலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாட்சி சாய்ந்துவிடக் கூடாது என்பதால் உறவினர் யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

"என் கோழிய என்னா பண்ணட்டும் சார்?" என்று கேட்டாள் சரோஜா. "வாயக் கட்டவா?"

"கட்டினா நல்லது," என்று முகுந்தன் குறித்துக்கொண்டார்.

அன்று விடிந்ததும் சரோஜா அக்காவைத் துடைத்து, தலைவாரி, பச்சைப் பட்டுப்புடவையை மேலே சுற்றிப் படுக்கையில் சாய்த்து உட்கார வைத்தாள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் அல்லவா? அதன் பிறகு சரோஜாவை வெளியேற்றி ஜன்னல்களைச் சாத்தினார்கள். முகுந்தன், தர்மேந்திரன், நாகமணி மூவரும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். முகுந்தன் கையில் சத்தத்தை அளக்கும் கருவி. தர்மேந்திரன் காளியண்ணனின் முகத்துக்கு நேராக நின்று, காது ஏதாவது அசைகிறதா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி காளியண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

தவமலரை 'ஒலி மூலம்' என்று குறிப்பிட்டார் முகுந்தன்.

"அம்மா, ஒரே ஒரு வாக்கியம். உங்க வீட்டுக்காரரைப் பார்த்து, வழக்கமா பேசுற மாதிரி பேசுங்க. எதுவா இருந்தாலும் சரி."

அவள் சில நாட்களாகவே பேச்சை விட்டிருந்தாள். நின்றுகொண்டிருந்த மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பது வரையில்தான் அவருக்குத் தெரிந்தது. முகம் பனிக்குள் இருப்பதுபோல இருந்தது. காதுக்குள் 'ஸ்ஸ்ஸ்'.

அவள் பேசினாள். பேசுகிறாள் என்பதை, மற்ற மூவரும் மூச்சைப் பிடித்து நின்றதிலிருந்து தெரிந்துகொண்டார். சொன்னாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி சொன்னாள். அவளுக்கு அது நீண்ட பேச்சு. முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ செய்ய வேண்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

"அங்கிள்! கேட்டுச்சா?" முகுந்தனின் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

காளியண்ணன் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டில், அவருடைய கட்டிலில், அவருடைய மனைவி அவரைப் பார்த்துச் சொன்ன ஒன்று, மூன்று அந்நிய ஆண்களின் காதில் விழுந்துவிட்டது. அவர் காதில் விழவில்லை. அதை அந்த ஆண்களின் எதிரில், பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கும் அவளின் எதிரில், எந்த வாயால் சொல்வது? இத்தனை மாதம் இதைத்தானே புகாராகச் சொன்னார்? ஆபீசில் சொல்வது வேறு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வது வேறு.

அவளைப் பார்த்து, "சரி, சரி," என்று தலையாட்டினார். பிறகு முகுந்தன் பக்கம் திரும்பி, "கேட்டுச்சு," என்றார்.

அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் பொய் அதுதான்.

சற்று நேரம் மூவரும் அசையாமல் நின்றார்கள். பிறகு இரண்டு அதிகாரிகளும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஹெட்போன் நன்றாக இருக்கிறது. காதும் நன்றாக இருக்கிறது. இரண்டு பிரிவுக்கும் இழுக்கில்லை. அவர்கள் கார் ஏறிப் போனதும், கோழிகளின் கட்டு அவிழ்க்கப்பட்டது. தவமலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காளியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து குனிந்தார்.

"என்ன சொன்ன தவம்?"

அவள் கண்ணை மூடியிருந்தாள். சரி சரி என்றவர் எதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தாளோ, களைப்போ. அவளும் லேசுப்பட்டவள் அல்ல. வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை. காய்ச்சல் வந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு இறக்கினார்கள். ஈப்போவிலிருந்து அவளை மலைக்கு மறுபடி கொண்டுவந்த வண்டி, அவசரம் இல்லாத வண்டி.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது சரோஜா காதருகே வந்து கேட்டாள்.

"மாமா, அந்த ஆபீசருங்க வந்தன்னிக்கி அக்கா பேசுச்சே. சாத்துன ஜன்னல் கண்ணாடியில நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாய் அசையுது, சத்தம் வரல. அதுக்கப்புறம் அது பேசவே இல்ல. என்னா சொன்னுச்சு?"

கூடத்திலிருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

"வீட்டு விஷயம்," என்றார் காளியண்ணன்.

கருமாதி முடிந்த மறுநாள், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முகுந்தன் அன்று மலைக்கு வந்திருந்தார். தர்மேந்திரனும் இருந்தார். இரண்டு பிரிவும் சேர்ந்து, தீர்ந்துபோன புகார்களைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தன. துக்கம் விசாரித்தார்கள். பிரிவின் சார்பாக ஒரு மலர்வளையம் வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

காளியண்ணன் நின்றபடியே கேட்டார். "அன்னிக்கி என் சம்சாரம் பேசுனது உங்க மூணு பேருக்கும் விழுந்துச்சு. என்ன சொன்னா?"

முகுந்தன் கோப்பைத் திறந்து பார்த்தார். "அங்கிள், 'கேட்டுச்சு'ன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அத வச்சுத்தான் புகாரை முடிச்சோம். உங்களுக்குக் கேட்டதை எங்ககிட்ட ஏன் கேக்கிறீங்க?"

காளியண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாகமணி அவரைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார். பேக்டரியில் கூடவே வேலை பார்த்த இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் விழும்படியாகவே சொன்னார்.

"எனக்குக் கேக்கல. பொய் சொன்னேன்."

தர்மேந்திரன் கவலையோடு சொன்னார்: "அப்படின்னா காது..."

"இல்ல, இல்ல," என்றார் முகுந்தன் அவசரமாக. "இப்ப எதையும் முடிவு பண்ண வேணாம். அங்கிள், நீங்க வாக்கை மாத்திட்டதால புகாரை மறுபடி திறக்கலாம். அதுக்கு விதி இருக்கு. மறு சோதனை செய்யணும். ஆனா அதே இடம், அதே கருவி, அதே ஒலி மூலமா இருக்கணும். மூலம் மாறினா சோதனை செல்லாது."

"அவ செத்துப்போயிட்டா."

"புரியுது அங்கிள். அத நீங்க எழுத்துல கொடுத்தா, மூலம் கிடைக்காததுக்குக் காரணம்னு சேத்துக்கலாம்."

"சோதனை வேணாம் தம்பி. மாத்தியும் குடுக்க வேணாம்." ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவ என்ன சொன்னான்னு மட்டும் சொல்லுங்க."

முகுந்தன் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் எந்தப் பயனும் இல்லை. எழுந்து வந்து, காளியண்ணனின் காதருகே உரக்கச் சொன்னார்.

"நான் மீட்டரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் அங்கிள். அவங்க பேசினது நாற்பத்திரண்டு டெசிபல். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல குரல், நிதானமா, ஏத்த இறக்கமில்லாம. ஆனா என்ன வார்த்தைன்னா... வார்த்தையை அளக்கிற கருவி எங்க பிரிவுல இல்ல."

"நான் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் தர்மேந்திரன், தரையைப் பார்த்து. "மன்னிச்சுக்குங்க ஐயா."

நாகமணி வாய் திறந்தார். முகுந்தன் அவரைப் பார்த்தார். புகார் திறந்திருக்கும்போது சாட்சிகள் புகார்தாரரிடம் பேசக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது. நாகமணியின் வாய் மூடிக்கொண்டது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிற மனிதர், பிள்ளைகுட்டிக்காரர்.

ஆபீஸ் மூடிய பிறகு, மோட்டார் சைக்கிளை லைன் வீடுகளுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நாகமணி நடந்து வந்தார். காளியண்ணன் வெறும் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாகமணி உட்காரவில்லை. குனிந்து, இரண்டு கையையும் குவித்து அவர் காதில் வைத்துக் கத்தினார். அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவர் கண் கலங்கியது.

"அண்ணே! அண்ணி சொன்னது இதுதான். 'வந்தவங்க எவ்ளோ நேரமா நிக்கிறாங்க. ஒரு டீ வச்சுக் குடுங்க. சும்மா அனுப்பாதீங்க.'"

காளியண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே. 'டீ வச்சுக் குடுங்க'ன்னு சொல்லிட்டு மூச்சு வாங்குச்சு. அப்புறம் 'சும்மா அனுப்பாதீங்க'ன்னுச்சு. நீங்க சரி சரின்னு தலையாட்டுனீங்க. டீ வரும்போலன்னு நாங்களும் செத்த நேரம் நின்னோம். நீங்க எந்திரிக்கல. அப்புறம் கெளம்பிட்டோம்."

அவள் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பினாள் என்று காளியண்ணனுக்கு அப்போது புரிந்தது. பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தவள், தன் வீட்டுக்கு வந்த மூன்று பேர் வாய் நனைக்காமல் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தன்னால் எழ முடியவில்லை. எழக்கூடிய ஆளிடம் சொன்னாள். அவர் சரி என்றார். உட்கார்ந்தே இருந்தார். எல்லாருக்கும் எதிரில் அவள் சொல்லைத் தள்ளிவிட்டார் என்றுதானே அவள் எடுத்துக்கொண்டிருப்பாள்?

நாகமணி ஏதோ சமாதானம் சொன்னார். காளியண்ணன் கையமர்த்திவிட்டு எழுந்து சமையற்கட்டுக்குப் போனார்.

வாழ்நாள் முழுக்கத் தேயிலையை உருட்டியவர், ஒரு தடவைகூடத் தம் கையால் டீ வைத்ததில்லை. தூள் டப்பா எது என்று இரண்டு மூன்றைத் திறந்துதான் கண்டார். பால்டின்னைக் கத்தியால் குத்தித் திறந்தார். கொதித்த தண்ணீரில் கைநிறையத் தூளைப் போட்டார். அவர் கொண்டுவந்து வைத்த டீ, தார் போல இருந்தது. நாகமணி ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க," என்றார் காளியண்ணன்.

மறுநாள் காலை, பிளாஸ்க்கும் துணியில் சுற்றிய இரண்டு கண்ணாடிக் கோப்பைகளுமாக அவர் ஆபீசுக்குள் நுழைந்தபோது, முகுந்தனும் தர்மேந்திரனும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்கள். மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டுக் கோப்பைகளை வைத்து ஊற்றினார். ஆவி எழுந்தது. இந்தத் தடவை தூள் அளவாக இருந்தது; விடியலில் சரோஜாவிடம் கேட்டுக்கொண்டு வைத்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"என் சம்சாரம் குடுக்கச் சொன்னா," என்றார்.

தர்மேந்திரன் அவரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். எழுந்து நின்று, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். முகுந்தன் எடுக்கவில்லை. புகார்தாரரிடமிருந்து எந்தப் பொருளும் பெறக் கூடாது என்பது பிரிவின் விதி. அவர் முகம் சங்கடத்தில் சிவந்திருந்தது. கையை விரித்து, விரலை மடக்கி, மிகவும் மரியாதையாக, நீளமாக, ஏதோ விளக்கிக்கொண்டே போனார்.

காளியண்ணன் அந்த உதடுகள் ஓயும்வரை நின்று பார்த்தார்.

"எனக்குக் கேக்கல தம்பி," என்றார். "ஆறிப்போயிரும். குடிங்க."